முத்திரை வைத்த பொய்யை நம்பிய மகனுக்கு

மகனே,

நல்ல செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு அவற்றுக்கு இடமிருக்காது. என் மூத்தவளின், அதாவது உன் ராத்தாவின், மகன் ஹமீது அப்போதிக்கரிச் சோதனையில் தேறிவிட்டான். மாத்தளை ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுடன் நடக்கிறான், ஊரில் யாருக்கு இருமல் வந்தாலும் என்னிடம்தான் வந்து அவன் எப்போது வருவான் என்று கேட்கிறார்கள். உன் தம்பியின் இரண்டாவது மகன் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்துவிட்டான், பள்ளிவாசலில் அவன் ஓதியபோது லெப்பை கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். உன் தங்கையின் மகன் கண்டிக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். அவன் கதிரையில் உட்கார்ந்திருக்க, நாற்பது வயது ஆட்கள் முன்னால் நிற்கிறார்கள். அவனுடைய தங்கை றஹ்மா கண்டியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசுக்கு முதலாவதாக வந்து, வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியையின் கையால் பரிசு வாங்கினாள். அந்தப் பரிசு என் அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கொழும்பில் உன் மூத்தவன் ஓட்டப்பந்தயத்தில் வெள்ளிக் கோப்பை வாங்கினான் என்று நீ எழுதியதையும் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. உன்னைத்தான் இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இதை உனக்குத் தபாலில் மட்டும் அனுப்பியிருக்கலாம். நீ எங்கள் வீட்டுக் கதையை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாய், அதனால் என் பதிலும் அச்சில் வரட்டும் என்றுதான் கண்டியில் மாதப் பத்திரிகை நடத்தும் ஆசிரியரிடம் கொடுக்கிறேன். அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, “உம்மா, மகன் படிச்ச மனிசன். கொஞ்சம் மெதுவாச் சொல்லலாமே” என்றார். “ஒரு சொல்லுல கை வெச்சா இந்தப் பக்கம் தேத்தண்ணிக்கு வர வேணாம்” என்றேன். அவருக்கு என் வீட்டுத் தேத்தண்ணி பிடிக்கும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். வயது வந்ததும் என் வாப்பா சிலேட்டை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். ஆனால் ஐந்து வகுப்பில் எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துத்தான் உன்னையும் வளர்த்தேன், இப்போது உன்னோடு சண்டையும் போடுகிறேன்.

கண்டி மலைநாட்டில் நம் ஆட்களின் சரித்திரம் என்று நீ எழுதிய புத்தகம் தடித்த அட்டையோடு தபாலில் வந்தபோது, உள்ளே இருந்த இங்கிலீசில் ஓர் எழுத்தும் தெரியாமலே நான் அதை மூன்று நாள் மடியில் வைத்திருந்தேன். அட்டையில் உன் பெயர் எது என்று மட்டும் உன் தம்பியிடம் காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பழகிக்கொண்டேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்து, மூடிய சட்டியின் மேல் உன் புத்தகத்தையும் பட்டுத்துணியில் சுற்றி வைத்து, பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் நான் அண்ணனென்று கூப்பிடும் கிரிபண்டா நானா வீட்டுக்கு அனுப்பினேன். அவருடைய பேரன் கண்டியில் இங்கிலீசு படிப்பவன், வாசித்துச் சொல்வான், சந்தோசப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்குமேல் சத்தமே இல்லை. பிறகு புத்தகமும் வந்தது, வட்டிலப்பச் சட்டியும் வந்தது. சட்டி கழுவித் துடைத்து, வெறுமையாக.

அந்த வீட்டிலிருந்து என் சட்டி வெறுமையாகத் திரும்பியது இதுதான் முதல் தடவை. கொண்டைக் கவும் பலகாரமோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒன்றுமில்லாத காலத்தில் காரத்துக்கு இரண்டு கொச்சிக்காயோ உள்ளே கிடக்கும். பிறகு பெரும்போக அறுவடை முடிந்தது. புது அரிசி வரவில்லை.

உன் புத்தகத்தை வாசித்தவர்களுக்கு இந்த அரிசி என்னவென்று தெரியாது, நீ எழுதவில்லை, ஆகையால் நான் சொல்கிறேன். மலைக்கு றோட்டு வருவதற்கு முந்திய காலத்தில் நம் ஆட்கள் தவளம் நடத்தினார்கள். பொதிமாடுகளின் முதுகில் புத்தளத்து உப்பையும் கருவாட்டையும் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, பாக்கையும் நெல்லையும் இறக்கிக்கொண்டு போவார்கள். அப்படிப் போய்வந்த ஒருவருக்குத்தான் பக்கத்துச் சிங்களக் கிராமத்து வீடொன்றில் மெனிக்கா என்ற பெண்ணைக் கொடுத்தார்கள். அவள் நிக்காஹ் முடிந்து மரியம் ஆனாள். என் பாட்டனைப் பெற்றவள் அவள்தான், நாங்கள் மரியம் கண்ணா என்போம். அவளுடைய சொந்த அண்ணனின் வழியில் வந்தவர் கிரிபண்டா நானா. அன்று முதல் அந்த வீட்டில் வயல் அறுத்ததும் முதல் அரிசி விகாரைக்குப் போகும், இரண்டாவது அரிசி நம் வீட்டுக்கு வரும். அதற்குப் பதிலாக நாம் ஒரு மூட்டை உப்பு கொண்டுபோவோம். உப்பு இப்போது கண்டிக் கடையில் எங்கும் கிடைக்கிறது. அதற்காக யாரும் நிறுத்தவில்லை. நீயும் சின்ன வயதில் உன் வாப்பாவின் தோளிலிருந்தபடி அந்த மூட்டையோடு போயிருக்கிறாய், அவர்கள் வீட்டுப் படியில் உனக்கென்று பனங்கட்டி வைத்திருப்பார்கள்.

அரிசி வராததும், லீவுக்கு வந்திருந்த றஹ்மாவைக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொன்னேன். பிள்ளை நல்லாகத்தான் தொடங்கினாள். அரபு நாட்டுக் கப்பல், வணிகர்கள், குதிரைகள். பிறகு குரல் சின்னதானது. “உம்மும்மா, இதுக்கு அடுத்த பக்கம் போகட்டா?” என்றாள். “ஏன், கிழிஞ்சி ஈக்கா?” என்றேன். “கிழியல்ல.” “அப்ப வாசி.” வாசித்தாள். நம் குடும்பம் கடற்கரைப் பட்டினத்து வணிகர் குடும்பமாம். வெள்ளைக்காரன் றோட்டுப் போட்ட பிறகுதான் மலைக்கு ஏறியதாம். வயல் வைத்திருந்ததில்லையாம், மலைநாட்டாரோடு கலந்ததும் இல்லையாம், இரத்தம் தூய்மையாகவே இருந்ததாம். இதற்கு ஆதாரம் அந்தக் காலத்துக் கச்சேரித் துரை எழுதி முத்திரை வைத்த கடதாசி என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறாயாம். மாட்டு மணிச் சத்தத்தில் பிறந்தவர்களை ஒரே பக்கத்தில் கப்பலில் ஏற்றிவிட்டாய் மகனே. நான் பார்த்த கடல் ஒன்றே ஒன்று, உன் கலியாணத்துக்குக் கொழும்புக்கு வந்தபோது.

அடுத்த நாளே உப்பு மூட்டையை உன் தம்பியின் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிரிபண்டா நானா வீட்டுக்குப் போனேன். அவர் எங்களுடைய தமிழைத்தான் பேசுவார், அங்கங்கே சிங்களம் விழும், தங்கச்சியை நங்கி என்பார். வாசலில் பாக்குச் சீவிக்கொண்டிருந்தவர் எழும்பவில்லை. “வா நங்கி, இரி” என்றார். பாய் போடச் சொல்லவில்லை. “நானா, அறுப்பு முடிஞ்சிதாமே” என்றேன். “முடிஞ்சிது.” “நல்ல விளைச்சலா?” “நல்லம்தான்.” மூட்டையைப் படியில் இறக்கச் சொன்னேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. “கடக்கரை ஆக்களுக்கு எங்கட மலைச் சோறு எதுக்கு நங்கி? ஒன்ட மகன்ட பொத்தகத்துல நீங்க நேத்து வந்த ஆக்களாமே. அப்ப என்ட முப்பாட்டன் தன்ட தங்கச்சியக் கட்டிக் குடுத்தது ஆருக்கு? பேய்க்கா?” என்றார். அவருடைய பேரன் உள்ளே போய்விட்டான், வெட்கப்பட்டது அந்தப் பிள்ளை மட்டும்தான். பிறகு கிரிபண்டா நானா பாக்குவெட்டியை வைத்துவிட்டு, “இன்னொரு விசயம். அந்தத் தொரைட கடதாசிப்படி ஒங்கட வயல் என்ட பாட்டன்ட வயல். ஒன்ட மகன் அத அச்சிலயும் போட்டுட்டான். வாற போகத்துக்கு அறுக்க ஆள் அனுப்பட்டா?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கடதாசி எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியும். தெரியாததுபோல் எழுதியிருக்கிறாயே, அதுதான் என் வயிற்றெரிச்சல். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பாட்டன் காலத்தில் நெல்வரி இருந்தது. வரி கட்டாவிட்டால் வயலை ஏலம் போடுவார்கள். மழை பொய்த்த ஒரு வருசம் துரை குதிரையில் வந்தார், மொழிபெயர்க்க ஒரு முதலியாரும் வந்தார். அவர்கள் வருவது தெரிந்ததும் பாட்டன் மாடுகளையெல்லாம் மச்சான் வீட்டுப் பட்டிக்கு, அதாவது கிரிபண்டா நானாவின் பாட்டன் வீட்டுக்கு, ஓட்டிவிட்டார். பிறகு தலைப்பாகையை நல்லாகக் கட்டிக்கொண்டு வந்து நின்று, “நாங்க கடக்கரை யாவாரிமார், றோட்டுப் போட்டப் பொறகு வந்த ஆக்கள், எங்களுக்கு வயலும் இல்ல, வரப்பும் இல்ல” என்றார். முதலியார் சந்தேகப்பட்டு, அந்த வயல் யாருடையது என்று கேட்டார். மச்சான் முன்னால் வந்து புத்தரைக் கும்பிட்டு, “மகே” என்றார், என்னுடையது என்று. ஊர்த் தலைவரான ஆராச்சியும் அந்த வீட்டுச் சொந்தம்தான், தலையை ஆட்டினார். துரை குதிரையிலிருந்து இறங்கவே இல்லை. சேணத்திலேயே முளைத்ததுபோல் அங்கேயே உட்கார்ந்து எழுதி, முத்திரை வைத்து, போய்விட்டார். அவர் வளவைத் தாண்டும்போது பட்டியில் நம் தலைமாடு கத்தியதாம். மச்சான் தானும் மாடுபோலக் கத்தி அதை மறைத்தாராம்.

இந்தக் கதையை நான் சோறு போட்டுக்கொண்டு சொல்லும்போது, மாடு கத்துகிற இடத்தில் நீ மூக்கால் சோறு வரும்வரை சிரித்தவன். “திரும்பச் சொல்லுங்க உம்மா, மச்சான் கத்தினதச் சொல்லுங்க” என்று கேட்டவன். அந்தச் சிரிப்பை எங்கே வைத்துவிட்டுக் கச்சேரி அலுமாரியில் கடதாசி தேடினாய்?

அந்தக் கதையில் அடுத்த வருசம் நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன். மழை வந்தது, மாடுகள் திரும்பி வந்தன, வயலும் திரும்பி வந்தது. அரசாங்கக் கடதாசியில் தன் பேரில் இருந்த வயலை அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு சாட்சி வைக்காமல் திருப்பிக் கொடுத்தார். வைத்துக்கொண்டிருந்தால் எந்தக் கோர்ட்டும் அவரை ஒன்றும் செய்திருக்காது. ஏன் கொடுத்தார்? அத்தை மகன் என்பதால் கொடுத்தார். அவர்கள் நமக்கு உறவு என்பதால்தான் அந்தக் கடதாசியே எழுதப்பட்டது. நீ அதையே எடுத்து, உறவில்லை என்பதற்கு ஆதாரம் காட்டுகிறாய். இது உன் இலண்டன் படிப்பில் யாருக்கும் தோன்றவில்லையா? கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாய். யார் சொன்னார், யாருக்குப் பயந்து சொன்னார், பக்கத்தில் யார் தலையாட்டினார் என்று பார்க்கவில்லை. குதிரையிலிருந்து இறங்காத ஒருவர் எழுதியதை, கதிரையிலிருந்து இறங்காத நீ நம்பினாய்.

நீ ஆராய்ச்சிக்கு என்று லீவில் வந்து நின்ற நாட்களும் ஞாபகமிருக்கிறது. விறாந்தையில் மேசை போட்டு, ஊரில் தலைப்பாகை கட்டிய ஆம்பளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாய். “நம்மட மூத்தவங்க அரபு நாட்டிலேருந்துதானே வந்தாங்க?” என்று நீயே கேட்டாய். விருந்துக்கு வந்தவர்கள் இல்லையென்றா சொல்வார்கள்? “ஓ, ஓ” என்று நீ கேட்டதையே உனக்குத் திருப்பித் தந்தார்கள். உன் துருக்கித் தொப்பியைப் பார்த்தாலே எந்தப் பதில் உனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துவிடுமே. நான் கதவுக்குப் பின்னாலிருந்து, “மரியம் கண்ணாவ மறந்துட்டீங்களா?” என்று கேட்டேன். நீ திரும்பாமலே, “உம்மா, அது கதை. எனக்கு ஆதாரம் வேணும்” என்றாய். “ஆதாரம்ண்டா?” “எழுத்து.” “அவட கபுரு ஈக்கே, பலாமரத்தடியில.” “அதுல எழுத்தில்லையே உம்மா” என்றாய். ஆம்பளைகள் சிரித்தார்கள். பெண்களின் கபுருக்கு நடுவிலும் ஒரு கல் நடுவது நம் வழக்கம், தூரத்திலிருந்தே அங்கே கிடப்பவள் ஒரு பெண் என்று தெரியும். நீ மையவாடி முழுக்க நடந்து, அரபெழுத்து வெட்டிய கற்களை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனாய். அந்த நடுக்கல்லைத் தாண்டித்தான் நடந்திருப்பாய். வேறு வழியில்லை, பாதை அப்படி.

அரிசி வராததை உனக்கு எழுதினேன். நீ பதில் போட்டாய். சரித்திரம் எழுதுகிறவன் எழுத்தில் உள்ளதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியும் என்றாய். இப்போது காலம் சரியில்லை, ஒவ்வொரு கூட்டமும் தன் பெருமையைச் சொல்லும்போது நம்மை மாட்டுக்காரர் என்று சொன்னால் சமூகத்துக்கு அவமானம் என்றும் எழுதினாய். இரண்டும் ஒரே தாளில் இருந்தன. மகனே, இரண்டில் ஒன்றைச் சொல். எழுத்து இல்லாததால் விட்டாயா, அவமானமாக இருந்ததால் விட்டாயா? எனக்குப் பதில் தெரியும். அவமானம் முதலில் வந்தது, அதற்கு ஏற்ற கடதாசி பிறகு வந்தது. தூய இரத்தம் என்று எழுதியபோது உன் கையில் ஓடிய இரத்தம் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தால் பேனா நின்றிருக்கும். அந்தப் பெருமையும் வேலைக்கு உதவவில்லை. போன வாரம் கண்டிச் சந்தையில் ஒருவன் உன் தம்பியின் பஸ்ஸை மறித்து, “ஒங்கட நானாவே எழுதிட்டாரே, நீங்க வந்தேறுகுடிண்டு. பொறகு என்னா, றோட்டு ஒங்கடதா?” என்று கேட்டானாம். உன் தம்பி பதில் சொல்லாமல் வந்துவிட்டான். என்ன சொல்வான்? புத்தகம் உன்னுடையது.

எதையாவது விடாமல் யாரும் எழுத முடியாது என்று நீ சொல்லக்கூடும். உண்மைதான். இந்தக் கடிதத்தின் முதல் பந்தியைத் திருப்பிப் பார், காசிமின் பெயர் இருக்காது. உன் ராத்தாவின் இளையவன்தான். இரண்டு தரம் சோதனையில் கோட்டைவிட்டு, இப்போது அம்பிட்டியப் பக்கம் யாரோ ஒருவருடைய கடையில் சாமான் நிறுக்கிறான். பெருமை பேசும் இடத்தில் அவனை வைக்க எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் ஏன் விட்டேன் என்று எனக்குத் தெரியும், அதைக் கடிதம் முடிவதற்குள் சொல்லியும்விட்டேன். அவன் பிறக்கவே இல்லை என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் ஆதாரம் போடவில்லை. காய்ச்சலில் நான் கிடந்தபோது கடை வேலையை விட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்துத் தந்தவனும் அவன்தான்.

புத்தகம் இரண்டாம் முறை அச்சாகப் போகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு வேண்டியது இது. அந்தப் பக்கத்தை மாற்று. கடதாசி என்ன சொல்கிறது என்று போடு, அதை எதற்காகச் சொன்னார்கள் என்று உன் உம்மா சொன்னதையும் போடு, என் பெயரோடு போடு. மரியம் கண்ணாவை அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுது. மாடுகளையும் எழுது. வெட்கமாக இருந்தால் வெட்கமாக இருக்கிறது என்று எழுது, அதுவும் சரித்திரம்தான். இரண்டாவது, வாற போகத்து அறுப்புக்கு முன் நீயே வா. கிரிபண்டா நானா வீட்டுப் படியில் நான் இறக்கிய மூட்டையை அவர் உள்ளே எடுக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. போகிறவர்கள் வந்து சொல்கிறார்கள், மழைக்காற்றில் உப்புக் கசிந்து படியெல்லாம் ஈரமாம். அவருடைய பெண்சாதி ஒவ்வொரு காலையும் படியைத் துடைக்கிறாவாம், மூட்டையை மட்டும் நகர்த்துவதில்லையாம். அதற்குள் இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கும்போதே வா. புது மூட்டையை உன் தோளில் தூக்கிக்கொண்டு போ, காரில் அல்ல. அவர் திட்டினால் நின்று கேள். எனக்கு வயது போகிறது. அந்த வீட்டு அரிசியைச் சாப்பிடாமல் மையவாடிக்குப் போனால், அந்த நடுக்கல்லுக்குப் பக்கத்தில் என்ன முகத்தோடு கிடப்பேன்?

அதுவரைக்கும் பெருநாளென்று நீ இங்கே வர வேண்டாம். பேரப்பிள்ளைகளை அனுப்பு, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஒரு விசயம் மறந்துவிட்டேன். நீ போன வருசம் அனுப்பிய குடும்பப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பின்னால் திரையும் தூணும் உள்ள படம். ஓரத்தில் நின்ற யாரையோ வெட்டி எடுத்திருக்கிறாய். சின்னவள் ஜமீலாவின் தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அது யாருடைய கை என்று கேட்கிறார்கள். பிள்ளையை வளர்க்கிற சிங்கள ஆயா சோமாவதியின் கை என்று றஹ்மா சொன்னாள், அந்தப் பிள்ளை அவள் பிடித்திருந்ததால்தான் அழாமல் நின்றதாம். படத்தில் உள்ள முகங்களிலேயே நல்லாகச் சிரிப்பது ஜமீலாதான். இந்தப் படத்தை நான் கழற்றிவிடப் போகிறேன். அந்தக் கைக்கு உரியவளையும் நடுவில் நிறுத்தி, புதிதாக ஒரு படம் பிடித்துத் தபாலில் அனுப்பு.

உன் உம்மா